உறுமல் பாட்டு

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்த வாரத்தில், என் தங்கச்சி அதன் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. ஐஸுக்காக நிற்கிறாள் என்று நினைத்து அம்மா அதட்டினாள். அவளுக்கு ஐஸ் நினைப்பே இல்லை. "உள்ள மூணு பேரு பாடுறாங்கம்மா. ஒருத்தரு தடியா, ஒருத்தரு நடுவுல, ஒருத்தரு ஒல்லியா" என்றாள். கரண்ட் அடித்துத் தொலைக்கப் போகிறது என்று அம்மா அவளைப் பிடித்து இழுத்தாள். அவளைவிட ஆறு வயது மூத்தவள் என்ற மிதப்பில் நானும் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஃபிரிட்ஜ் சத்தம்தான் கேட்டது.

இன்றைக்கு அவள் ஐரோப்பாவில் இருந்துகொண்டு இசை எழுதுகிறாள். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யாராவது "தங்கச்சி என்ன பண்றா?" என்று கேட்டால், அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன். இசை என்றதும் எல்லாரும் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "சினிமாவுக்கு எப்ப பாட்டுப் போடப் போறா?" அவள் எழுதுவது வேறு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. அதற்கு நிறமாலை இசை என்று பெயர். வெள்ளை வெளிச்சத்துக்குள் ஏழு நிறம் ஒளிந்திருப்பதுபோல, ஒரு சத்தத்துக்குள் பல சத்தங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டே பாட்டுக் கட்டுவது.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுப்பவள். எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். ஒரு தந்தியை மீட்டினால் ஒரு சுரம் கேட்பதாக நினைக்கிறோம். ஆனால் அந்தத் தந்தி முழுசாக ஆடும்போதே பாதிப் பாதியாகவும் ஆடுகிறது, மூன்றில் ஒரு பங்காகவும் ஆடுகிறது, நான்கில் ஒரு பங்காகவும் ஆடுகிறது. அடியில் உள்ள சுரம் விநாடிக்கு நூறு முறை அதிர்ந்தால், அதன் மேலேயே இருநூறு, முந்நூறு, நானூறு என்று படிப்படியாக மெல்லிய சுரங்கள் ஏறிக்கொண்டே போகும். இவைதாம் மேற்சுரங்கள். இதில் ஒரு வம்பு உண்டு. ஐந்தாம் படியும் ஏழாம் படியும் கீபோர்டில் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. ஐந்து கொஞ்சம் இறங்கி நிற்கும், ஏழு இன்னும் நன்றாக இறங்கி நிற்கும். கீபோர்டுக்குப் பழகிய காதுக்கு அது சுருதி விட்டுப்போனது மாதிரி இருக்கும். என் தங்கச்சிக்கு அந்த இடம்தான் உயிர்.

அங்கே மேடைகளில் நல்ல பெயர் வாங்கியவளின் இசை எங்கள் அப்பாவுக்குக் கேட்காது. பிடிக்காது என்று சொல்லவில்லை, கேட்காது என்றே சொல்கிறேன். அப்பா நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். வாலிபத்தில் உள்ளே போனவர் ஓய்வு பெறும் வரை அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றார். மெல்லிய ஒலிகள் எல்லாம் அவர் காதை விட்டுப் போய்விட்டன. தடித்த ஒலி மட்டும்தான் உள்ளே போகும். தனக்குக் கேட்கவில்லை என்பதால் பிறருக்கும் கேட்காது என்ற நினைப்பில் அவர் பேசுவதெல்லாம் கூச்சல்தான். தங்கச்சியோடு அவர் ஃபோனில் பேசினால், அவள் ஊரில் இன்றைக்கு என்ன குளிர், சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்பது தெருமுனை வரைக்கும் தெரிந்துவிடும்.

ஒரு லீவுக்கு வந்தபோது, வயலின்களுக்காக எழுதிய தன் இசையை ஹெட்ஃபோன் மாட்டி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மரியாதையாகக் காத்திருந்தார். செத்த நேரம் கழித்து, "ஆரம்பிச்சிருச்சா பாப்பா?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "யார் யாரோ கேக்குறாங்கக்கா. அப்பாவுக்கு ஒருவாட்டியாவது கேக்கணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டோம்.

அதே லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கோயில் ஸ்பீக்கர் உறுமும். யாரும் பேசாத நேரத்தில் தடித்த குரலில் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஊருக்கெல்லாம் பழகிப்போன சத்தம். அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை, ஏனென்றால் பூசையில் அவருக்கு நன்றாகக் கேட்பது அது ஒன்றுதான். அன்றைக்கும் பிரசங்கத்தின் நடுவே, "ஏப்பா, உறுமுதுப்பா!" என்று மைக் செட் அண்ணனைப் பார்த்துச் சத்தம் போட்டார். வழக்கம்போல நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் தங்கச்சி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, அப்பாவுக்கு இது கேக்குது!"

பூசை முடிந்ததும் ஃபோனை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்து அளந்து பார்த்தாள். விநாடிக்கு நூறு அதிர்வு. நம் வீட்டுக்கு வரும் கரண்டின் ஐம்பது அதிர்வே இப்படி இரட்டித்துக்கொண்டு உறுமுகிறதாம். "காஷ்மீர்லருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே சுருதிக்கா. யாருமே அதுக்கு ஒரு பாட்டு எழுதல" என்றாள். திரும்பிப் போக வேண்டியவள் லீவை நீட்டிக்கொண்டாள். ஸ்பீக்கர் உறுமலை முதல் படியாக வைத்து, அதன் மேற்சுரங்களை, நானும் பாடும் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு எழுதினாள். ஆண்களுக்கு இரண்டும் மூன்றும், பெண்களுக்கு நான்கிலிருந்து ஏழு வரை. அந்த உறுமல் ஆழத்தில் எங்கள் ஆண்களுக்குக் குரல் நிற்காது, காற்றுத்தான் வரும். அதனால் முதல் படி ஸ்பீக்கருக்கே. பாட்டில் ஒரே ஒரு சொல்தான் உண்டு, ஆமென். திருவிழா அன்றைக்குப் பாடலாமா என்று கேட்டபோது பங்குச் சாமியார், "ஆமென் வருதுல்ல? போதும், பாடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒத்திகை லேசில் நடந்துவிடவில்லை. நாங்கள் எல்லாரும் கீபோர்டைப் பிடித்துக்கொண்டே பாடிப் பழகியவர்கள். கீபோர்டே வேண்டாம் என்று தங்கச்சி சொன்னதும், அதை வாசிக்கும் தம்பி, "எனக்கு வேலையில்லாத பாட்டுல எனக்கென்ன வேலை?" என்று தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பங்குத் திருவிழாவுக்கு வாசிக்கப் போய்விட்டான். ஏழாம் படி நர்ஸ் அக்காவிடம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வார்டையே ஒரு சத்தத்தில் அடக்குகிறவர். "என்ன பாப்பா இது, தொண்டை கட்டுனவ பாடுற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு ஐந்தாம் படி. நானும் என்னையறியாமல் மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி திட்டவில்லை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் போடச் சொன்னாள். "உறுமலோட சேர்ந்து பாடுங்க. சேராட்டி சத்தம் ஆடும், கால் சரியில்லாத மேசை மாதிரி. ஆடுற வரைக்கும் உங்க விரலையும் ஆட்டுங்க. ஆட்டம் நின்னதும் விரல நிறுத்துங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன சங்கீதப் பாடம். ஆளாளுக்கு ஆள்காட்டி விரலை ஆட்டிக்கொண்டு பாடினோம். வாசலில் நின்று பார்த்தவர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு விரலாக நிற்கத் தொடங்கியது. நர்ஸ் அக்காவின் விரல் முதல்முறையாக நின்ற அன்றைக்கு, "ஆத்தி! இது இப்புடித்தான் இருக்கணும்போல" என்று தன் தொண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் கரண்ட் போய் ஜெனரேட்டரில் உறுமல் கொஞ்சம் இறங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே நாங்கள் முப்பது பேரும் கூடவே இறங்கியிருக்கிறோம். எங்களுக்கு அது தெரியவே இல்லை. தங்கச்சிதான் கைதட்டிக் குதித்தாள்.

இப்போது அதே பாட்டை ஐரோப்பாவில் பெரிய அரங்குகளில், உறுமலைக் கருவியில் உண்டாக்கி, படித்த பாடகர்கள் பாடுகிறார்கள். காணொளி வந்தால் எங்கள் குழு கூடி உட்கார்ந்து பார்ப்போம். "நல்லாத்தான் பாடுறாங்க. ஏழுதான் கொஞ்சம் ஏறிருச்சு" என்பார் நர்ஸ் அக்கா. அவர் சொல்வது சரி என்று தங்கச்சியும் ஒப்புக்கொள்வாள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒத்திகை நாட்களில் இவ்வளவும் செய்த நாங்கள் ஒரே ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. மைக் செட் அண்ணனிடம். கோயிலுக்கு மைக் செட் போடுவதை அவர் நேர்த்திக்கடன் மாதிரி செய்து வருகிறவர். உறுமல் அவருக்குத் தீராத அவமானம். "உங்க செட் உறுமுதுல்ல, அதை வச்சுத்தான் பாட்டே" என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? மனுஷன் நொந்துபோவார் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒத்திகைக்கு மைக் பழக வேண்டும் என்று சொல்லித்தான் ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொல்வோம். தங்கச்சி ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துப் புருவத்தைச் சுருக்குவதை அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்.

திருவிழா அன்று மத்தியானம், நிலக்கோட்டையிலிருந்து வந்த மல்லிகையைச் சப்பரத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் செட் அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தங்கச்சியிடம் வந்தார். "பாப்பா, அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து நம்ம கோயில்ல பாட்டுப் போடுற. அதுல எஞ்செட்டு உறுமலாமா? உறுமலுக்குக் காரணமான பழைய கண்டென்சர் அம்புட்டையும் கழட்டி மாத்திட்டேன். கோயிலுக்குப் பின்னாடி புதுசா எர்த்துக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு ரொப்பியிருக்கேன். இப்பப் பாரு." ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஒலித் திருகை முழுசாகத் திருப்பினார். ஸ்பீக்கரில் ஒரு முனகல் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. "எப்புடி?" என்றார்.

தங்கச்சி ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்கண்ணே. தேங்க்ஸ்ணே" என்றாள். அந்த மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு அந்த நிசப்தத்தைக் காட்டினார்.

நான் அவளைத் தனியே இழுத்துப் போனேன். "உன் ஃபோன்ல அந்தச் சத்தம் இருக்குல்லடி? ஆம்ப்ளிஃபயர்ல சொருகி விட்டுறேன்" என்றேன். "வேணாம்க்கா. அவரு முகத்தப் பாத்தேல்ல? அதுக்கு மேல நான் உறுமல விட்டா மனுசன் செத்துருவாரு" என்றாள். "அப்ப அப்பாவுக்கு?" என்று கேட்டேன். "கணக்குப்படி ஒரு வழி இருக்கு. மேல இருக்கிற படியெல்லாம் இம்மி பிசகாம நின்னா, இல்லாத அடிப்படிய நம்ம காதே கேட்டுக்கும். ஆனா ஒருத்தர் ஆடுனாலும் போச்சு. அங்க படிச்சவங்களே தடுமாறுவாங்க" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு, நம்ம ஆளுங்க பாடுறதே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அப்பாவை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் அவள்மேல் வந்த பாசத்துக்கு அளவில்லை, மைக் செட் அண்ணன்மேல் வந்த ஆத்திரத்துக்கும்.

பூசை முடிந்தது. சப்பரம் புறப்படும் முன் சாமியார் எழுந்து எங்கள் பாட்டை அறிவித்தார். அப்பா வழக்கம்போல முன்வரிசையில், ஸ்பீக்கரை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் பாட்டுப் போடுகிறாள் என்பதால் வேட்டி சட்டையெல்லாம் மொடமொடவென்று இருந்தது. தங்கச்சி ஃபோனைக் காதோடு ஒட்டிச் சுரம் பிடித்து, ஆண்களுக்கு முனகிக் காட்டினாள். எங்களிடம், "உறுமல் இல்ல. பரவால்ல, உங்களுக்குள்ள இருக்கு. ஒருத்தர ஒருத்தர் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆண்கள் தொடங்கினார்கள். நாலாம் படிப் பெண்கள் சேர்ந்தார்கள். அடுத்து நாங்கள். என் விரல் புடவை மடிப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள உறுமல் இல்லாமல், பக்கத்தில் நிற்பவளின் குரலையே பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினேன். ஆட்டம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றது. ஆறாம் படி வந்து உட்கார்ந்தது. கடைசியாக நர்ஸ் அக்கா ஏழைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன், யார் விரலும் ஆடவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"ஏப்பா! திருவிழா நாளும் அதுவுமா! உறுமுதுப்பா, அமத்துப்பா!"

மைக் செட் அண்ணன் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய் ஒலித் திருகைக் கீழே இறக்கினார். "இன்னும் உறுமுது!" என்றார் அப்பா. அண்ணன் ஆம்ப்ளிஃபயரையே அணைத்தார். சிவப்பு விளக்கு அவிந்தது. எனக்கும் இப்போது அது கேட்டது, கால்களுக்குக் கீழிருந்து வருவதுபோல, அதே தடித்த 'ம்ம்ம்'. சாமியார் எழுந்து நின்று, ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். அண்ணன் கடைசியில் பிளக்கைப் பிடுங்கி, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அமத்திட்டேன் மாமா! இங்க பாருங்க, பிளக்கே என் கையில இருக்கு!" என்று அழாத குறையாகக் கத்தினார்.

தங்கச்சி எங்களைப் பார்த்து நின்றதால் அவள் முகம் எங்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. கண்ணீர் அதுபாட்டுக்குத் தாடை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது, கை மட்டும் நிற்காமல் எங்களை நடத்திக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் படி கலையும், படி கலைந்தால் அப்பாவுக்குக் கேட்பது நின்றுவிடும் என்று முப்பது பேருக்கும் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சேர்ந்து செய்த வேலைகளிலேயே ஒசத்தியான வேலை அதுதான். கடைசி ஆமென் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினோம். நாங்கள் நிறுத்திய அதே நொடியில் உறுமலும் நின்றது.

"ஆ, இப்பத்தான் நின்னுச்சு" என்று அப்பா கோயில் முழுக்கச் சொன்னார். கோயிலே சிரித்தது.

தங்கச்சி இறங்கிப் போய் அவர் முன்னால் மண்டி போட்டு, காதோடு வாயை வைத்து, "அப்பா, அதுதாம்ப்பா என் பாட்டு" என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவளையும், பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த உறுமலா? அது நீ போட்டதா?"

"ஆமாப்பா. நான் போட்டதுதான்."

அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் வழக்கமான குரலில், சாமியாருக்கும் சப்பரத்துக்கும் தெருவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "அப்ப இன்னொருவாட்டி பாடச் சொல்லு பாப்பா. நான் பாட்டுன்னு நெனச்சுக் கேக்கல."

சப்பரம் காத்திருந்தது. நாங்கள் மறுபடியும் பாடினோம். மில்லுக்குப் போன நாளிலிருந்து சத்தம் போட்டே பேசிப் பழகிய எங்கள் அப்பா, அந்தப் பாட்டு முடியும் வரை வாயைத் திறக்கவில்லை.